புலாவ் செபாங்கில் மடித்த இலை

மலாய் நாட்டு ஆயர் குரோவில் யாரும் நடப்பதில்லை. தெருப் புகைப்படம் கற்றுக்கொடுக்க என்னை அந்த ஊருக்குத்தான் அழைத்திருந்தார்கள்.

இறங்கிய முதல் நாளே எனக்குப் பொறுக்கவில்லை. வரிசை வரிசையாக வீடுகள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரண்டு கார்கள், அப்புறம் அகலமான சாலை, அதற்கப்புறம் இன்னும் அகலமான சாலை. மனிதன் எங்கே? நான் திருச்சிக்காரன். கல்யாணப் படம் எடுத்துச் சோறு சாப்பிடுகிறேன். முகூர்த்தம் இல்லாத நாட்களில் காந்தி மார்க்கெட்டில் கேமராவோடு சுற்றுகிறேன். அங்கே நடைபாதையில் ஐந்து நிமிடம் நின்றால் ஆறு பேர் இடித்துவிட்டுப் போவார்கள், அதில் ஒருவராவது திட்டுவார். ஆயர் குரோவில் அரை மணி நேரம் நடந்தும் என்னை இடிக்க ஆள் கிடைக்கவில்லை.

மாறாக, கார்கள் நின்றன. மலாய்க்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கி, வண்டி கெட்டுப்போய்விட்டதா, மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா என்று அவர் பாஷையில் கேட்டார். இல்லை, நடக்கிறேன் என்று சைகையில் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. அடுத்து ஒரு தமிழ்ப் பெண், பின்சீட்டில் பிள்ளைகளோடு.

"ஏன் அண்ணே நடந்து போறீங்க? மண்ட காஞ்சிரும் லா. ஏறுங்க, எங்க போகணும்?"

"எங்கேயும் போகலம்மா. சும்மா நடக்கிறேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

என்னை வரவழைத்தவர் குமரேசன். நாற்பது வயது இருக்கும், அங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். அவரும் அவர் நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்னப் படக்குழு வைத்திருக்கிறார்கள். குருவி, மலர், சூரியோதயம் என்று எடுத்துச் சலித்துப்போய், இணையத்தில் என் படங்களைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள். ஒரு வாரம் வகுப்பு, கடைசி நாளில் பொது மண்டபத்தில் எல்லோருடைய படத்தையும் மாட்டி ஒரு கண்காட்சி. அவ்வளவுதான் ஏற்பாடு.

வகுப்பில் நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். ஊர் கத்திக்கொண்டே இருக்கும், அது வாயை மூடுகிற நொடிக்குக் காத்திருங்கள். வெட்டாதீர்கள். எடுத்த படத்தை அப்புறம் ஓரம் வெட்டிச் சரிசெய்கிறவன் பார்க்கத் தெரியாதவன். நடுவில் இருப்பதை எந்த முட்டாளும் பார்ப்பான், நீங்கள் ஓரத்தைப் பாருங்கள், அங்கே குப்பை தொங்கினால் படம் கெட்டது. இதைச் சொல்லிக் கைதட்டும் வாங்கினேன்.

மறுநாள் எனக்கே ரோஷம் வந்து, காரைத் தொடமாட்டேன் என்று பஸ் ஏறினேன். ஜாசினில் இறங்க வேண்டியவன் பெம்பானில் இறங்கிவிட்டேன். அடுத்த பஸ் எப்போது என்று கடைக்காரரைக் கேட்டால், வரும்போது வரும் என்றார். மழை பிடித்துக்கொண்டது. ஒரே ஒரு கடை வரிசை. பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் கேட்டேன். "தே ஓ கோசோங்னு கேளுங்க," என்றார் கடைக்காரர். கோசோங் என்றால் காலி. காலித் தேநீர். பெயர் பிடித்துப்போய் இரண்டு குவளை குடித்தேன்.

பக்கத்து முடிதிருத்தும் கடையில் கடைக்காரரே தன் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணியைத் தானே போர்த்தியிருந்தார். கண்ணாடியில் மழை, மழைக்கு நடுவில் திறந்த வாய். இதற்குத்தானே வந்தேன் என்று கேமராவைத் தூக்கினேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"தம்பி, அந்தாள் நித்திரை கொள்ளுறார். எழும்பினாப் பிறகு கேட்டுப்போட்டு எடுக்கலாமே?"

யாழ்ப்பாண வழி வந்த ஓய்வுபெற்ற வாத்தியார். கையில் குடை, இஸ்திரி போட்ட சட்டை. எழுப்பிக் கேட்டால் தூக்கம் போய்விடுமே ஐயா, தூக்கம்தானே படம் என்றேன். "அவர்ட முகம்தானே," என்று சொல்லிவிட்டு அவர் மழையில் இறங்கிப் போய்விட்டார். எனக்குச் சுர்ரென்று வந்தது. படத்தை எடுத்தேன். நன்றாகவே வந்தது.

அதற்கடுத்த நாள் குமரேசன் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னை புலாவ் செபாங்குக்குக் கூட்டிப்போனார். ரயில் நிற்கிற ஊர். சாலையில் கொஞ்ச தூரம் போனால் பக்கத்து மாநிலம் வந்துவிடுகிறது. சுற்றிலும் ரப்பர், எண்ணெய் எடுக்கிற செம்பனை. தோட்டங்களில் இப்போது தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான், வேலைக்கெல்லாம் வெளிநாட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள் என்றார் குமரேசன். ஆனால் மதியம் அந்த வட்டாரத்துத் தமிழர்கள் பாதிப் பேர் மீனாட்சி அக்கா கடையில்தான் இருப்பார்களாம்.

தகரக் கூரை போட்ட இலைச் சாப்பாட்டுக் கடை. உள்ளே நுழைந்ததும் எனக்கு உயிர் வந்தது. சத்தம் என்றால் அது சத்தம். "அக்கா, ரசம்!" "ரெண்டு புங்குஸ் கட்டுங்க, சீக்கிரம் லா, லோரி நிக்குது!" பொட்டலம் கட்டி எடுத்துப்போவதற்கு அங்கே புங்குஸ் என்று பெயர். சோறு காகிதத்தில், குழம்பு கண்ணாடிப் பையில், வாயை ரப்பர் பேண்டால் முறுக்கி, எல்லாவற்றையும் சிவப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருகிறார்கள். வங்காளதேசத்து ஆள் ஒருவர் பின்பக்கம் நின்று வேர்க்க விறுவிறுக்கக் கட்டி, அதற்குக் காசும் அங்கேயே வாங்கிக்கொண்டிருந்தார். மீனாட்சி அக்கா கல்லாவில் உட்கார்ந்து, வாயால் கடை நடத்திக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, பெரிய பொட்டு, பெரிய குரல்.

"ஊர்க்காரரா? எடுங்க, எடுங்க. என்ன மட்டும் எடுக்காதீங்க, மூஞ்செல்லாம் எண்ண வடியுது," என்றார். அங்கே ஊர் என்றால் இந்தியா.

அந்த இரைச்சலுக்கு நடுவில் ஒரு மேசை சும்மா இருந்தது. சுவரோர மேசை. ஒரே ஒரு ஆள். நீலச் சட்டையில் கிரீஸ் கறை. முன்னால் இலை, இலை நிறையச் சோறு, மேலே முழு அப்பளம். இலைக்குப் பக்கத்தில் கைப்பேசி. கையைத் தொடையில் வைத்துக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தபடி இருந்தார். ஊரே வாயை மூடிக்கொண்டது போல அந்த மேசை மட்டும் அமைதியாக இருந்தது. எடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் ஜன்னலோரத்துப் பூனை தலையைத் திருப்பட்டும் என்று காத்திருந்தேன். நான் திரும்பியபோது அவர் எழுந்து நின்றிருந்தார், இலை மடித்திருந்தது. போகிற ஆள் திரும்பிப் பார்த்த முகத்தில் வெயில் நன்றாக விழுந்ததால் அதையும் எடுத்தேன். படத்தின் ஓரத்தில் ஏதோ சிவப்பாகத் தொங்கியது. சே, கெட்டது என்று நினைத்துப் பூனையிடமே போனேன்.

பிறகு நாங்களும் உட்கார்ந்து சாப்பிட்டோம். நண்டுக் குழம்பு. திருச்சியில் கிடைக்காத ருசி என்று எழுதினால் என் வீட்டில் அடி விழும், ஆனாலும் எழுதுகிறேன். இலையை என் பக்கமாக மடித்தேன். நம் ஊரைப் போலவே அங்கேயும், உன் பக்கம் மடித்தால் வயிறும் மனசும் நிறைந்தது என்று பொருள். எதிர்ப்பக்கம் மடிப்பது இழவு வீட்டில் மட்டும்.

அங்கிருந்து தோட்டத்துக்குள் போகிற சாலையில் போனோம். இரண்டு பக்கமும் செம்பனை. வளைவில் வண்டிகள் நின்றன. குலை ஏற்றிய லோரி ஒன்று குறுக்கே நின்றது. நசுங்கிய மோட்டார் சைக்கிளைத் தூக்கி ஓரமாகச் சாத்தியிருந்தார்கள். ஆம்புலன்ஸ் போய்விட்டதாம். போலீஸ்காரர் ஒருவர் கைகாட்டி ஒவ்வொரு வண்டியாக விட்டுக்கொண்டிருந்தார்.

"யாரோ, பாவம்," என்றார் குமரேசன். "இந்த வளைவுல அடிக்கடி நடக்கும் அண்ணே."

நானும் உச்சுக்கொட்டினேன். அப்புறம் பார்த்தேன். எங்கள் கார் நின்ற இடத்துக்கு நேராக, தார்ச் சாலையில் வெள்ளையாகச் சோறு சிதறிக் கிடந்தது. நாலைந்து மைனாக்கள் அதைச் சுற்றி நின்று, அவசரமே இல்லாமல், பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாதிரி கொத்திக்கொண்டிருந்தன. செம்பனை ஓலை வழியாக வெயில் சரியாக அந்தச் சோற்றின்மேல் விழுந்தது. கண்ணாடியை இறக்கி ஒரே ஒரு தடவை அழுத்தினேன். போலீஸ்காரர் கையை ஆட்ட, வண்டி நகர்ந்தது.

"கெடச்சதா அண்ணே?"

"கிடைச்சது குமரேசன். இந்த ஒரு படத்துக்காகவே வந்த செலவு சரியாப்போச்சு," என்றேன். இப்படியேதான் சொன்னேன்.

அடுத்த இரண்டு நாளும் மண்டபத்தில் கழிந்தன. படங்களைத் தேர்ந்தெடுப்பது, பெரிதாக அச்சிடுவது, யார் படம் எங்கே என்று சண்டை போடுவது. என் மைனாப் படத்தைத்தான் எல்லோரும் ஒருமனதாக நடுச் சுவருக்கு என்றார்கள். எனக்கும் பெருமைதான். கீழே ஒட்டுகிற சீட்டுக்கு என்ன தலைப்பு என்று கேட்டார்கள். 'மத்தியான விருந்து' என்றேன். பிரமாதம் சார் என்றார்கள்.

கண்காட்சிக்கு முதல் நாள், மதியத்துக்கு மேல், குமரேசனுக்கு மீனாட்சி அக்காவிடமிருந்து போன் வந்தது. அவர் பேசப் பேச குமரேசன் முகம் வற்றியது. பாதியில் ஸ்பீக்கரைப் போட்டார்.

"...நம்ம தோட்டத்து ரவிதான்யா, வொர்க்ஷாப்புல வேல செய்றவரு. எங்கடையில சாப்ட்டுட்டுப் போனவருதான், வளைவுல லோரி அடிச்சிருச்சு. அவரு பொண்டாட்டி பரமேஸ்வரி, அது பச்சத் தண்ணிகூடப் பல்லுல படாம கெடக்குது. காலையில ரெண்டு பேருக்கும் சண்டையாம். கொழம்புல உப்புன்னு இவரு சொல்ல, அது கோவத்துல, அப்போ கடையிலயே போய்க் கொட்டிக்க, இனிமே இந்த வீட்டுல ஒனக்குச் சோறில்லன்னு சொல்லிருச்சாம். நான் சோறில்லன்னு சொல்லி அனுப்புனேன், பட்டினியோட செத்தாருன்னு அதையே சொல்லி அழுவுது. இல்லடி, எங்கடையில சாப்ட்டாருடி, இலைய மடிச்சிட்டுத்தான் எந்திரிச்சாரு, நான் என் கண்ணால பாத்தேன்னு தலையில அடிச்சுச் சொல்றேன். நம்ப மாட்டேங்குது. மனசு ஆத்தச் சொல்றேன்னு நெனைக்குது. ஒங்க ஊர்க்காரரு அன்னிக்குப் படம் எடுத்தாரே, அதுல இருக்குமில்ல? ஒரு தடவ காட்டுனா வயித்துக்கு எதாச்சும் போடும்யா."

எந்த ஆள் என்று குமரேசன் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தேவைப்படவில்லை. நீலச் சட்டை, கிரீஸ்.

அந்த வளைவில் சாத்தியிருந்த மோட்டார் சைக்கிள் அப்போதுதான் எனக்கு ஒரு ஆளுடையதாக ஆயிற்று. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. என் படம் ஒரு மனுஷிக்குச் சோறு போடப் போகிறது. இத்தனை வருஷத்தில் என் தெருப் படம் யாருக்கும் எதுவும் போட்டதில்லை. இலை மடித்த படம் என்னிடம் இருக்கிறது, நாளைக்கே காட்டிவிடலாம் என்று நானே குமரேசனிடம் சொன்னேன்.

மடிக்கணினியில் போட்டுப் பெரிதாக்கினேன்.

முதல் படத்தில் சோறு தொடாமல் இருந்தது. இரண்டாவதிலும் தொடவில்லை, அப்பளம் அப்படியே முழுசாக இருந்தது. மூன்றாவதில் அவர் நிற்கிறார், இலை அவர் பக்கமாக ஒழுங்காக மடித்திருக்கிறது. இன்னும் பெரிதாக்கினேன். மடித்த இலை தட்டையாக இல்லை. தலையணை மாதிரி உப்பியிருந்தது. ஓரத்தில் சோறு பிதுங்கியிருந்தது. மடிப்புக்கு வெளியே அப்பளத்தின் விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

மனிதர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. சமைத்தவர் மனசு நோகக் கூடாதென்று முறைப்படி மூடிவிட்டு எழுந்திருக்கிறார். கல்லாவிலிருந்து பார்த்த மீனாட்சி அக்கா மடிப்பை மட்டும் பார்த்திருக்கிறார். நம்மில் யார் பார்த்தாலும் மடித்த இலை என்றால் சாப்பிட்ட இலைதானே. அதை வாரி எடுத்துத் தொட்டியில் போட்டவருக்குத் தெரிந்திருக்கும். வங்காளதேசத்து ஆளிடம் யார் போய்க் கேட்டார்கள்?

குமரேசன் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"என்னா அண்ணே செய்றது?"

"வெட்டுறது."

இடது பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டினேன். இலை போயிற்று, மேசை போயிற்று, தொங்கின சிவப்பும் போயிற்று. மிச்சமிருந்தது ஒரு ஆள், சாப்பிட்டு எழுந்தவர் மாதிரி, வெயிலைப் பார்த்துக்கொண்டு.

"வகுப்புல வெட்டக்கூடாதுன்னு சொன்னீங்களே," என்றார் குமரேசன், குற்றம் சொல்கிற குரலில் இல்லை.

"வகுப்பு வேற, இது வேற," என்றேன் எரிச்சலாக. கைப்பேசிக்கு ஏற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை, கண்காட்சி சாயங்காலம்தான் என்பதால், நேரே தோட்டத்துக்குப் போனோம். அந்த வளைவில் குமரேசன் வேகத்தைக் குறைத்தார். சாலை சுத்தமாக இருந்தது.

வரிசை வீடுகளில் கடைசி வீடு. வாசலில் நீலத் தார்ப்பாய், பிளாஸ்டிக் நாற்காலிகள், குவித்த செருப்புகள். உள்ளே ரவியின் படம் மாலையோடு. அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய படம், பிடித்து வைத்தது போல் விறைப்பாக இருந்தார். முன்னால் விளக்கு. அடுப்பு மூட்டாத வீடு, பக்கத்து வீட்டார் கொண்டுவந்த சோறும் சாம்பாரும் மூலையில் மூடியிருந்தன. பரமேஸ்வரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேலிருக்காது. உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் அவர் அக்கா கோமதி, ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் பிடித்தபடி. எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தாரோ.

"பரமு, இவருதான். படம் கொண்டாந்திருக்காரு, பாரு. நீ கேட்டதுதான்," என்றார் கோமதி.

கைப்பேசியைக் கொடுத்தேன். பரமேஸ்வரி இரண்டு கையாலும் வாங்கினார். முகத்தைத் தடவினார். திரை நகர்ந்து நகர்ந்து போயிற்று, நான் சரிசெய்து கொடுத்தேன்.

"இந்தச் சட்ட நான் தொவச்சது," என்றார்.

"சாப்ட்டு எந்திரிக்கிறாரு பாரு. வயிறு ரொம்பித்தான் போயிருக்காரு," என்று கோமதி டம்ளரை நீட்டினார். "ஒரு வாய் குடி என் தங்கம்."

பரமேஸ்வரி டம்ளரை வாங்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இலை எங்க அண்ணே?"

"என்னம்மா?"

"இலைய மடிச்சாருன்னு மீனாச்சி அக்கா சொல்லுச்சு. இதுல இலையே காணோம். இலையக் காட்டுங்க."

"படத்துல அந்தப் பக்கம் வரலம்மா."

"ஒன்னுதான் எடுத்தீங்களா?" என் தோளில் தொங்கின கேமராவைப் பார்த்தார். "பொய் சொல்லாதீங்க அண்ணே. எல்லாரும் எங்கிட்ட நல்லதாவே சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்கு."

குமரேசன் தலையைக் குனிந்துகொண்டார். கேமராவைத் திறந்து, அந்த மூன்று படத்தையும் தேடி, பெரிதாக்குகிற பொத்தானைக் காட்டி, அவர் மடியில் வைத்தேன். எனக்கு அழுகை வந்தது. வேற்று மனிதன் அங்கே அழுவதற்கு என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டேன்.

முதல் படம். இரண்டாவது. மூன்றாவது. மூன்றாவதில் நின்றுவிட்டார். பொத்தானை அழுத்தி அழுத்தி இலையிடம் போனார்.

"திங்கல," என்றார். "அக்கா, அவரு திங்கல."

கோமதி டம்ளரை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். படுபாவி, வெட்டியதோடு விட்டிருக்கலாமே, கேமராவை எதற்குடா கொண்டுவந்தாய் என்று என்னையே நான் திட்டிக்கொண்டேன்.

பரமேஸ்வரி அழவில்லை. திரையை இன்னும் கிட்டே பிடித்தார். விரல் அம்புக்குறியில் இருந்தது. இலையிலிருந்து கீழே, ஓரத்துக்குப் போனார்.

"இது என்னா கையில?"

குனிந்து பார்த்தேன். குப்பை என்று நான் நினைத்த சிவப்பு. ரவியின் இடது கையில் பிளாஸ்டிக் பை. பையின் வாய் திறந்திருந்தது. உள்ளே காகிதப் பொட்டலம் ஒன்று, அதன்மேல் இன்னொன்று. பக்கத்தில் கண்ணாடிப் பையில் குழம்பு. குழம்பிலிருந்து பையைக் குத்திக்கொண்டு நின்றது ஒரு கொடுக்கு.

"புங்குஸ் பண்ணிருக்காரு," என்றார் பரமேஸ்வரி. "ரெண்டு சோறு. அக்கா, இதப் பாரேன். நண்டு. நண்டு அவருக்கு ஆவாதுல்ல? தொட்டாலே ஒடம்பெல்லாம் தடிச்சிரும். எனக்குக்கா. எனக்கு வாங்கியிருக்காரு."

அப்போதுதான் அழுதார். அதை நான் எழுதப் போவதில்லை.

கொஞ்சம் அடங்கிய பிறகு, எங்களில் யாரையும் பார்க்காமல் கேட்டார். "ஆஸ்பத்திரியில மணிபர்ஸ் குடுத்தாங்க. போனு குடுத்தாங்க. சாவி குடுத்தாங்க. சோறு குடுக்கலியே. இது எங்க போச்சு அண்ணே?"

அவர் கட்டைவிரல் இன்னும் அம்புக்குறியில் இருந்தது. அடுத்து ஒரு பூனை. அதற்கடுத்து, நானும் குமரேசனும் சாப்பிட்ட இலை. அதற்கடுத்தது அந்த வளைவு. இன்னும் மூன்று தடவை அழுத்தினால் வந்துவிடும். காக்கையாக இருந்திருந்தால் நானே காட்டியிருப்பேன். நம்மவர்களுக்கு அதில் ஒரு ஆறுதல் உண்டு. அவை மைனாக்கள்.

மெதுவாகக் கேமராவை வாங்கி அணைத்தேன்.

"ரோட்டுல கெடந்து வீணாத்தானே போயிருக்கும்?" என்றார்.

"இல்லம்மா. அந்தப் பக்கமா நாங்க வந்தோம். பசிச்சவங்க எடுத்துச் சாப்பிட்டாங்க. ஒரு பருக்கை வீணாப் போகல."

"நீங்க பாத்தீங்களா?"

"பார்த்தேம்மா."

என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையாட்டினார். "வீணாப் போகலயாம்க்கா," என்று கோமதியிடம் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "சோறு போடு," என்றார். "எனக்குத்தானே வாங்குனாரு."

கோமதி ஓடிப்போய்த் தட்டில் போட்டுக் கொண்டுவந்தார். சாம்பார் சோறு. முதல் வாய் இறங்கவில்லை, விக்கியது, தண்ணீர் குடித்தார். இரண்டாவது வாய் இறங்கியது. மாலை போட்ட படத்தைப் பார்த்துக்கொண்டு, அழுதுகொண்டே, தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார். கோமதி இன்னும் கொஞ்சம் போட்டார், அதையும் சாப்பிட்டார்.

இழவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து வந்தோம்.

கார் தோட்டத்தைத் தாண்டி, வளைவைத் தாண்டி, பெரிய சாலைக்கு வந்தது. குமரேசன் ஓரமாக நிறுத்தி, கைப்பேசியை எடுத்து மண்டபத்துக்குப் போன் போட்டார்.

"யாரு இருக்கீங்க? ஆங், நீயா. நடுச் சுவத்துல அண்ணன் படம் இருக்கில்ல, மைனா? ஆமா, கீழ 'மத்தியான விருந்து'ன்னு எழுதியிருக்கும், அதுதான். அதக் கழட்டு. இல்ல, வேற எதுவும் மாட்ட வேணாம், சும்மா விடு. ஏன்னு கேக்காத லா. கழட்டு."